ஸ்தூர்லாவின் எடை

எங்கள் குட்டி ஜிம்னி வண்டியைப் பக்கத்துப் பண்ணை ஸ்தூர்லா சோப்பு டப்பா என்றுதான் சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் போன ஜூனில் ஆற்றின் நடுவே என் வண்டியின் வயிறு ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டு, நான்கு சக்கரமும் சும்மா சுற்றியபோது, கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றியவன் அவன்தான். இழுத்ததோடு விட்டானா? பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்லி என் மானத்தைக் கப்பலேற்றினான். அவன் ஜீப்பின் சக்கரமே என் இடுப்பு உயரம் வரும். அந்தத் திமிர்.

எனக்கோ அந்த ஆற்றைத் தாண்டியே ஆக வேண்டும். கோடை முழுக்க எங்கள் ஆடுகள் மலையில் மேயும். செப்டம்பரில் ஊரே குதிரையேறிப் போய் அவற்றைத் திரட்டி ஓட்டி வரும். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து ஒரு வருடம் தவறாமல் போனவள் நான். பிறகு ஒரு சரிவில் குதிரையோடு விழுந்தேன், முழங்கால் போய்விட்டது. இனிச் சேணத்தில் உட்காரவே கூடாது என்றார் டாக்டர். அதன்பின் வந்த இரண்டு செப்டம்பரிலும் ஜன்னலில் நின்று குதிரைகள் போவதைப் பார்த்தேன். அழவில்லை என்று என் கணவன் தோர்ஃபியிடம் சொன்னேன். நம்பியது போல நடித்தான், நல்ல மனுஷன்.

இந்த வருடம், மலைக்குடிசையில் எல்லோருக்கும் சமைக்கிறவள் தன் மகளோடு இருக்கத் தலைநகருக்குப் போய்விட்டாள். சமைக்கக் குதிரை வேண்டாம், முழங்காலும் வேண்டாம். ஊர்க் கூட்டத்தில் கையைத் தூக்கினேன். எங்கள் மலையரசர் ஈஸ்லேஃபுர் தாடியைச் சொறிந்தார். திரட்டு நடக்கும் நாட்களில் மலையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"சமைக்கிறது பெரிசில்ல பெக்கா. சாமானோட ஆத்தத் தாண்டி, எங்களுக்கு முன்னாடி குடிசைக்குப் போய்ச் சேரணும். உன் வண்டி தாண்டுமா?"

"தாண்டும்."

"ஜூன்ல தாண்டலியே!" பின்வரிசையிலிருந்து ஸ்தூர்லா குரல் கொடுத்தான். "நீ ஏன் கஷ்டப்படுற? சாமானையும் நானே ஏத்திக்கிறேன், சமையலையும் நானே பாத்துக்கிறேன்."

கூட்டத்துக்குக் கலக்கம் வந்துவிட்டது. அவன் வைக்கும் சூப்பை அவன் நாயே முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் போகும்.

"இருப்பா, இருப்பா," என்றார் மலையரசர் அவசரமாக. "ஆத்தங்கரையில நான் நின்னு பாக்குறேன் பெக்கா. தாண்டிட்டா சமையல் உனக்கு. தாண்டலைன்னா சாமான இவன் வண்டிக்கு மாத்திடுவோம், நீ வீட்டுக்குத் திரும்பிடணும். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

வண்டியின் உயரத்தைக் கூட்ட நான் வரவழைத்த சாமான்கள் வந்து இறங்கின. பழையதைவிட நீளமான ஸ்பிரிங்குகள், நீளமான ஷாக் அப்சார்பர்கள், அதற்கேற்ற பிரேக் குழாய்கள், கொஞ்சம் பெரிய டயர்கள். ஆடுகள் மலையில் இருக்கும்போது ஆட்டுக்கொட்டகைதான் எங்கள் ஒர்க்‌ஷாப். நடுவில் தீவனம் போடுகிற சிமென்ட் பாதையில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு அடித்த பலகைத் தரை, அதற்குக் கீழே குளிர்காலத்து எரு. கை தவறிய நட்டு எதுவானாலும் நேராக எருவுக்குள்தான் போகும். தோர்ஃபி ரப்பர் பூட்ஸோடு இறங்கித் துழாவிவிட்டு மேலே வந்தபோது அவனைக் கட்டிக்கொள்ள எனக்கே மனம் வரவில்லை.

வண்டியின் அடிச்சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, ஆக்ஸிலைத் தொங்கவிட்டுப் புது ஸ்பிரிங்கை உள்ளே நுழைத்தோம். எல்லா போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். கீழே இறக்கியதும் ஜிம்னி புதிதாக எழுந்து நிற்கும் ஆட்டுக்குட்டி போல விறைப்பாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு சுற்றுப் போனோம். முதல் பள்ளத்திலேயே என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது பள்ளத்தில் தோர்ஃபியின் தொப்பி கூரையில் மோதியது.

"இது வண்டியா, மரப்பலகையா?" என்றான்.

அடியில் படுத்துப் பார்த்தேன். ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கம்பிகளின் முனையில் உள்ள ரப்பர் புஷ்கள், பிழிந்த துணி போல முறுக்கிக்கொண்டிருந்தன. ஆக்ஸில் தொங்கும்போதே இறுக்கியிருக்கிறோம்! ரப்பர் அந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டு, இப்போது வண்டியை அமுங்கவிடாமல் முரண்டு பிடிக்கிறது. ஆற்றுக்குள் இப்படியே இறங்கினால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

"எல்லாத்தையும் தளத்தி, வண்டி தரையில நிக்கிறப்ப இறுக்கணும். மலைக்குப் போற பாரத்த ஏத்திட்டு இறுக்கணும்."

"பாரம் ஏது? கறியும் கிழங்கும் நாளைக்குக் காலைல ஆத்தங்கரைக்குத்தான வரும்?"

"ஆட்ட ஏத்தலாம்னா ஆடெல்லாம் மலையில." தோர்ஃபியை உள்ளே உட்காரச் சொன்னேன். அவன் உட்கார்ந்தது வண்டிக்குத் தெரியவே இல்லை.

அப்போதுதான் வெளியே அந்த ராட்சச ஜீப்பின் சத்தம் கேட்டது. ஸ்தூர்லா நக்கலடிக்க வந்திருந்தான். நூற்று முப்பது கிலோவும் கதவு வழியாக உள்ளே நுழைந்தது.

"சோப்பு டப்பாவுக்குக் குதிகால் செருப்பு மாட்டியாச்சா?"

எனக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே மகிழ்ச்சியாக மாறியது. வந்தவனுக்குக் காபி கொடுக்காமல் அனுப்ப எங்களால் முடியாது. ஊற்றிய காபியைக் குடிக்காமல் போக அவனாலும் முடியாது.

"வா ஸ்தூர்லா, காபி சாப்பிடு. இங்க உக்கார இடமில்ல, வண்டிக்குள்ள உக்காரு. பின்னாடி, பின்னாடி. சீட்ட மடக்கிட்டேன், தாராளமா இருக்கும்."

சர்க்கரை தூவிச் சுருட்டிய அப்பங்களை ஒரு தட்டு நிறையக் கையில் திணித்தேன். அவன் ஏறினான். ஜிம்னி ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கியது. நான் ஸ்பேனரோடு அடியில் புகுந்தேன். உயரம் கூடியிருந்ததால் ஜாக்கி இல்லாமலே புக முடிந்தது.

"பெக்கா, கீழ என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல, சாப்பிடு."

கொஞ்ச நேரம் மெல்லும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அடிப்பாவி! என்னைய மூட்டையாக்கிட்டியா?"

"கிழங்கு மூட்ட. ஆடாத, போல்ட்டு நழுவுது."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். வண்டியே குலுங்கியது, ஸ்பேனர் என் நெற்றியில் விழுந்தது, நானும் அடியில் படுத்தபடியே சிரித்தேன். "தோர்ஃபி, இன்னும் நாலு அப்பம் கொண்டா! எடை பத்தாது, நாளைக்கு இவ என்னைத்தான் குத்தம் சொல்வா!" என்று அவன் கத்தினான். கடைசி போல்ட் இறுகும்வரை இறங்கவில்லை. இறங்கியதும் பம்பரை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தான். வண்டி மெத்தென்று இறங்கி எழுந்தது. மறுபடியும் அமுக்கினான், தட்டில் மிச்சமிருந்த அப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

காலையில் ஆறு சாம்பல் நிறத்தில் உருண்டுகொண்டிருந்தது. கரையில் குதிரைகள் நின்றன, ஊர் நின்றது, மலையரசர் நின்றார். ஆட்டுக்கறி, கிழங்கு, அண்டா எல்லாம் என் வண்டியில். மெதுவாக இறங்கினேன். நீர் கதவின் அடிவிளிம்புக்கு வந்தது. ஜூனில் நான் உட்கார்ந்த அதே பாறை முன்னால் தெரிந்தது. விலகிப் போக இடமில்லை. இடது சக்கரம் அதன்மேல் ஏறியது. வண்டியின் வயிறு இடிக்கப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இடிக்கவில்லை. மற்ற மூன்று சக்கரமும் அடிமண்ணைப் பிடித்துக்கொண்டே இருந்தன. முன் கண்ணாடியில் வானம் வந்தது, பிறகு கரை வந்தது. பின்னால் எழுந்த கூச்சலில் ஸ்தூர்லாவின் குரல்தான் பெரிது.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். காலடியில் மலைப்பாசி அமுங்கியது. தூரத்துச் சரிவில் வெள்ளைப் புள்ளிகளாக எங்கள் ஆடுகள் தெரிந்தன. இந்தப் பக்கத்து மண்ணில் இனி நிற்கவே மாட்டேன் என்று நினைத்திருந்தவள் நான்.

மலையரசர் குதிரையை நீரில் நடத்தி வந்து, ஈரம் சொட்ட என் அருகில் நிறுத்தினார்.

"சாப்பாடு எத்தன மணிக்கு பெக்கா?" என்றார்.

வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன்.

"சரி, பசிச்சா வந்துடுறோம்," என்று சொல்லிவிட்டு அவர் குதிரையை மேட்டுப் பக்கம் திருப்பினார்.