நல்லம்மா நின்ற இடத்துக் காற்று

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் நல்லம்மா எங்கே நின்றாலும் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று அடிக்கும். அதனால் அவளை மலைக்கு அனுப்பாமல், கொழுந்து வாடவிடும் தொழிற்சாலை மாடியில் நிறுத்தியிருந்தார்கள். விசிறி பழுதான நாட்களிலும் கொழுந்து நேரத்துக்கு வாடியது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசியதில்லை. அடுப்பு மூட்டும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள்.

பதுளையில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த ஜுனைதீன், 1972இல் அந்தத் தோட்டத்துப் பழைய உரக்கொட்டிலில் ஒரு விமானத்தைக் கட்டி முடித்தார். மரச்சட்டம், துணி இறக்கை, தண்ணீரில்லாமல் காற்றிலேயே ஆறும் பழைய கார் எஞ்சின். ஆகாயத்தில் எதிர்க்காற்று அதை ஆற்றிவிடும். தரையில் கட்டிவைத்து முடுக்கினால்தான் வில்லங்கம். தேத்தண்ணி ஆறுவதற்குள் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் மேலே ஏறுவதோ உயிரோடு விளையாட்டு. ஹப்புத்தளை ஏற்றத்தில் லொறிக்காரர்கள் செய்வதைப் பார்த்துப் பழகியவர், ஈரச் சாக்கை எடுத்து எஞ்சின்மேல் போர்த்தினார். கொதித்துக் கிடந்த சிலிண்டர் படீரென்று வெடித்தது. எப்படியோ ஒரு மாற்றுச் சிலிண்டர் அகப்பட்டது. வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றுபோயிருந்த காலம். இன்னொன்று வெடித்தால் அத்தோடு சரி. அப்படியானால் இறக்கையைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கூரை போடலாம் என்றாள் அவர் மனைவி ஸுபைரா.

தொழிற்சாலை மெக்கானிக் முருகையாதான் நல்லம்மாவைக் கூட்டி வந்தார். விமானத்தின் வாலை நீளக் கயிற்றால் வாகை மரத்தில் கட்டி, விமானத்தின் காற்றாடிக்கு எட்டாத தூரத்தில் அவளை எஞ்சினுக்கு எதிரே நிறுத்தினார். ஜுனைதீன் ஏறி உட்கார்ந்து முடுக்கினார்; சிவப்பை நோக்கிப் போன முள் இறங்கியது. இன்னும் முடுக்கினார், அப்போதும் இறங்கியது. ஆசை யாரை விட்டது, முழுதாகவே முடுக்கினார். ஓரடிகூட முன்னே ஓடாமல் விமானம் எழும்பி, லயக்கூரை உயரத்தில் நின்றது. பறப்பதற்கு வேண்டியது எதிர்க்காற்றுதான். அது அங்கே இருந்தது. மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். என்ன அழகு அது! பலருக்குக் கண் கலங்கியது.

பிறகுதான் உறைத்தது. அவள் விலகினால் அவர் விழுவார். எஞ்சின் நின்றால் அதே காற்று அவரை மரத்தில் கொண்டுபோய் மோதும். பெட்ரோலோ கொஞ்சம்தான் ஊற்றியிருந்தார்கள். அசையாதே என்று முருகையா கத்தினார். மேலே ஜுனைதீன் கலிமா சொல்லத் தொடங்கியிருந்தார்.

நல்லம்மா அண்ணாந்து பார்த்து, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் அவரை அழைத்தாள்.

“நானா, பயப்படாதீங்க. நான் மெதுவா ஒக்காரப் போறேன்.”

உட்கார்ந்தால் காற்று தணியும் என்பது அவளுக்குத் தெரியும். மாடியில் அவளை உட்காரவே விடாததால் வேறு யாருக்கும் தெரியாது. முழங்கால் மடங்க மடங்கக் காற்று குறைந்தது, விமானமும் தாழ்ந்தது. அவள் புல்லில் உட்கார்ந்தபோது சக்கரங்களும் புல்லைத் தொட்டன.

ஜுனைதீன் இறங்கி வந்தார். அவரும் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். யாரோ இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். பொழுது சாயும்வரை நல்லம்மா எழுந்திருக்கவில்லை. அன்று மாடியில் கொழுந்து வாடவில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.