முதலில் எழுந்த எட்டாவது ஆள்

1

இந்தக் கதை எனக்கு வடை வரிசையில் கிடைத்தது. ஹூஸ்டனில் ஒரு வளைகாப்பு. எனக்கு முன்னால் தட்டோடு நின்ற பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம், "எல்லாருக்கும் முன்னாடி எழும்பிட்டேன். அதான் தப்பு" என்று சொல்லிவிட்டுத் தேங்காய்ச் சட்னிப் பக்கம் நகர்ந்துவிட்டார். எங்கே எழும்பினார், எதற்கு எழும்பினார்? கேட்க வெட்கமாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் இவரிடமும் அவரிடமும் விசாரித்ததில் தேறியது இவ்வளவுதான்: 1988 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை, டெக்சஸில் கேட்டி என்ற ஊர், ஓர் ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடம், ஒரு கட்சிக் கூட்டம்.

மீதியெல்லாம் என் கைவேலை. பெயர்கள்கூட நான் வைத்தவைதான். ஆகவே சந்தேகம் வந்தால் என்னைக் கேளுங்கள், அந்த அம்மாளைத் தேடிப் போகாதீர்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "எண்பதுகளின் அமெரிக்கத் தேசிய அரசியலில் பழமைப் பற்றுள்ள கிறிஸ்தவ வாக்காளர்களின் செல்வாக்கு"

(இந்த வாக்கியத்தை முடித்திருந்தால் நீங்கள் இந்நேரம் அடுத்த கதைக்குப் போயிருப்பீர்கள்.)

இரண்டாவது தொடக்கம்: "ஜெயலீலா பிறந்த அன்று பாளையங்கோட்டையில் அடைமழை." மே மாதம் பிறந்தவள். மே மாதத்துப் பாளையங்கோட்டையில் எங்கே அடைமழை? அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "எழுந்திருக்கக் கூடாது என்று ஜெயலீலா முடிவு செய்திருந்தாள்."

இது சரி. இதிலிருந்து போகலாம்.

எழுந்திருக்கக் கூடாது என்று ஜெயலீலா முடிவு செய்திருந்தாள். வயது முப்பத்தாறு. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கணவர் சாந்தகுமார் கடலுக்குள் எண்ணெய் மேடையில் இரண்டு வாரம், வீட்டில் இரண்டு வாரம் என்று இருப்பவர். அந்தச் செவ்வாய் அவர் கடலில் இருந்தார். கார் கரையில்தான் இருந்தது, ஆனால் அவர் படகு ஏறிய கால்வெஸ்டன் துறைமுகக் கரையில். அதனால் கூட்டத்துக்கு அவளை அழைத்துப்போனவள் சிநேகிதி ஷ்யாமளா.

3

கூட்டம் என்றால் என்ன கூட்டம் என்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு ஆசை. உங்களுக்குக் கேட்க ஆசையில்லை என்றால் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கட்சிகளில் வட்டம், மாவட்டம், மாநிலம், பொதுக்குழு என்று உண்டல்லவா? டெக்சஸிலும் அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். நம் ஊரில் தீர்மானம் மேலிருந்து கீழே வரும். அங்கே கீழிருந்து மேலே போகும்.

கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று பகலெல்லாம் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுப் போட்டவரின் வாக்காளர் அட்டையில் கட்சிப் பெயரை முத்திரை குத்தித் தருவார்கள். பெரும்பாலோர் அதோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஓட்டுப் பெட்டியை மூடிய கால் மணி நேரத்தில், அதே இடத்தில் வட்டக் கூட்டம் ஆரம்பிக்கும். முத்திரை குத்திய அட்டை இருந்தால் யாரும் உட்காரலாம். அங்கே நிறைவேறும் தீர்மானம் மாவட்டத்துக்குப் போகும், பிறகு மாநிலத்துக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் நாட்டுக்கே கட்சி கொடுக்கும் வாக்குறுதிப் பட்டியலுக்கு.

அந்த வருடம் ஒரு தொலைக்காட்சிப் பிரசங்கியாரே அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்தார். அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் அவரை நம்பியவர்கள் ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்: நானூறு பேர் ஓட்டுப் போடும் வட்டத்தில் ஏழே கால் மணிக்குத் திரும்பி வருபவர்கள் பதினைந்து பேர். அந்தப் பதினைந்தில் எட்டுப் பேர் ஒரே தேவாலயத்தின் பெஞ்சுகளிலிருந்து வந்தால் போதும்.*

* சபைக்காரர்கள் அரசியலுக்குள் வந்துவிட்டார்களே என்று பத்திரிகைகள் கவலைப்பட்டன. ஊரில் சபைத் தேர்தல்களைப் பார்த்து வளர்ந்த ஜெயலீலாவுக்கு அந்தக் கவலை சிரிப்பாக வந்தது. சபைக்குள் அரசியல் இருக்கும் என்பது அவளுக்குப் பால்குடியிலிருந்தே தெரியும். அவள் அப்பா சபைத் தேர்தலில் மூன்று ஓட்டில் தோற்றுப்போய், ஜெயித்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஏழு வருடம் போகவில்லை.

4

காரில் நடந்த பேச்சு. இதைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். அவர்கள் இருவரும் பாளையங்கோட்டையில் ஒரே மிஷன் பள்ளியில் ஒரே வகுப்பு என்றும், பதினைந்து வருடம் கழித்து ஹில்கிராஃப்ட் சாலை மளிகைக் கடையில் புளிப் பாக்கெட்டுக்கு ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள் என்றும் வைத்துக்கொண்டேன். நம்பும்படி இல்லைதான். ஆனால் கதைக்கு அது வேண்டும், ஏன் என்று பின்னால் தெரியும்.

"என் ஓட்டையும் சேர்த்து நீயே போட்டுடு" என்றாள் ஷ்யாமளா. அவளுக்கு கிரீன் கார்டுதான், ஓட்டு இல்லை.

"ஆளுக்கு ஒண்ணுதாம்ட்டி. வாசல்லயே அட்டையைப் பாத்துதான் உள்ள விடுவாங்க."

"கவர்ன்மென்ட் பள்ளிக்கூடத்துலயும் ப்ரேயர் வேணும்னு தீர்மானம். அதானே?"

"அதான். டாட்டி போன்ல சொன்னா."

"நீ என்ன பண்ணப் போறே?"

"நீ எதுக்குட்டி இவ்வளவு பயப்படுத? நம்ம ஸ்கூல்ல தெனமும் ஜெபம்தான? நீ என்ன கெட்டா போயிட்ட?"

"நான் எங்க கெட்டேன்? அசெம்ப்ளில நீ நின்னுண்டே தூங்குவே. நான்தான் முழுசும் சொல்லுவேன். பைபிள் பரீட்சைல ஸ்கிரிப்ச்சர் ப்ரைஸ் யார் வாங்கினா?"

"நீதான் தாயே. அதை இன்னும் எத்தன வருசத்துக்குச் சொல்லுவ?"

ஷ்யாமளா சிரிக்கவில்லை. சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நம்ம ஸ்கூல்ல முக்காவாசிப் பேர் என்னை மாதிரி ஹிந்துடி. கண்ணை மூடிண்டு ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிண்டிருப்போம். இங்க கேமி கிளாஸ்ல அவ ஒருத்திதான். போன வாரம் லஞ்சுக்கு முன்னாடி எந்தப் பிள்ளையோட அம்மாவோ வந்து எல்லாரையும் ப்ரே பண்ணச் சொன்னாளாம். ராத்திரி பூரா என்கிட்ட, 'மாம், டூ ஐ க்ளோஸ் மை ஐஸ் ஆர் நாட்?'ங்கறா. ஏழு வயசு. மூடினா பொய்யாம், மூடாட்டா எல்லாரும் பாக்கறாளாம். நான் என்ன சொல்றது, சொல்லு."

(கேமி என்பது ஷ்யாமளாவின் மகள் காமாக்ஷி. பள்ளியில் போய்ச் சுருங்கிவிட்டது.)

விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார்.

"ஆதரிக்கிறவங்க எழுந்து நிக்கணும், எதிர்க்கிறவங்க உக்காந்துக்கிடலாம். அப்படித்தான் எண்ணுவாங்களாம்" என்றாள் ஜெயலீலா. "நான் எழும்பல. போதுமா?"

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்ட்டி. உக்காந்திருக்கிறதுல எனக்கு என்ன கஷ்டம்?"

5

டாட்டி யார் என்று சொல்லவில்லையே. ஜெயலீலா ஞாயிற்றுக்கிழமை போகும் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரி. கூட்டத்துக்கு ஆள் சேர்த்தவள். முதல் வரைவில் அவளை வில்லி ஆக்கியிருந்தேன். ஸ்ப்ரே அடித்து நிறுத்திய கூந்தல், கையில் பெயர்ப் பட்டியல், கண்ணில்

சரிவரவில்லை. ஜெயலீலாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது, சாந்தகுமார் கடலில் இருக்க, பதினோரு நாள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் டாட்டி. பதினோரு கண்ணாடிப் பாத்திரம், பதினொன்றிலும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு. மருத்துவர் கொழுப்பே கூடாது என்றிருந்தார். ஜெயலீலா அதை ஷ்யாமளா வீட்டுக்கு அனுப்பினாள். கேமி ருசித்துச் சாப்பிட்டாள். பன்னிரண்டாம் நாள் டாட்டி பாத்திரங்களை வாங்கிப் பார்த்து, "ஹனி, யூ ஏட் எவ்ரிதிங்!" என்று கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்படிப்பட்டவளை எப்படி வில்லியாக்குவது? வில்லி இல்லாமல் கதை எழுதுவது சர்க்கரை நோயாளிக்கு விருந்து சமைப்பது போல. என்றாலும் சமைத்துத்தான் ஆகவேண்டும்.

6

சாப்பாட்டுக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகள். பதினைந்து பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர், விதிமுறைப் பிரியர். (எனக்கு அவரைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.) ஆரம்பத்திலேயே நான்கு விதிகளை வாசித்துக் காட்டினார். மூன்றை நீங்கள் மறக்கலாம். நான்காவதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நிறைவேறிய ஒன்றை மறுபடி எடுக்க வேண்டுமென்றால், ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் கேட்க முடியும்.

பிரார்த்தனைத் தீர்மானம் வந்தது. தலைவர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, வாயால் "ஆம்", "இல்லை" சொல்லச் சொன்னார். இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்டன. "எண்ணித்தான் பார்க்கணும். இப்போ முழுசா வாசிக்கிறேன். முடித்ததும் ஆதரிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார்.

ஜெயலீலா பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் டாட்டி. உட்கார்ந்திருப்பது பொய் இல்லை, டாட்டிக்குத் துரோகமும் இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பது. இப்படி நினைத்துக்கொண்டாள்.

தீர்மானத்தின் முதல் வரியாக, சிறு பிள்ளைகளைப் பற்றிய ஒரு வசனத்தைச் சேர்த்திருந்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தேவாலயத்தில் வாசிக்கும் குரலில், "பரிசுத்த சுவிசேஷத்திலிருந்து" என்று ஆரம்பித்தார்.

ஜெயலீலா எழுந்து நின்றாள்.

அவள் எழவில்லை. முப்பத்தாறு வருடம் எழுந்தது. அவள் ஊர்ச் சபையில் பழைய ஏற்பாடு வாசித்தால் உட்காரலாம், அப்போஸ்தலர்களின் கடிதமான நிருபம் வாசித்தால் உட்காரலாம், இயேசுவின் கதையான சுவிசேஷம் வாசித்தால் எழ வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியும் எழுவாள், முடக்குவாதக்காரரும் தடியை ஊன்றி எழுவார். பாப்டிஸ்ட்காரர்களுக்கு அந்த வழக்கமில்லை. எல்லாரும் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் கைகட்டித் தலைகுனிந்து நின்றாள். டாட்டியின் கண் பளபளத்தது.

வாசிப்பு முடிந்தபின் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தலைவர் பென்சிலால் எண்ணினார். நிற்பவர்கள் எட்டு. உட்கார்ந்தவர்கள் ஏழு.

"மேடம், நான் முடிக்கிறதுக்கு முன்னாலேயே எழுந்துட்டீங்களே!" என்று தலைவர் சிரித்தார்.

ஜெயலீலா பதறிப்போய், தெரிந்த இங்கிலீஷில், தான் எதற்காக எழுந்தாள் என்ற உண்மையை விளக்கினாள்:

"நோ, நோ சார். ஐ ஆம் ஸ்டாண்டிங் ஃபார் த காஸ்பெல்."

சுவிசேஷத்துக்காக நிற்கிறேன்! ஏழு பேர் ஒரே குரலில் "ஆமென்!" என்றார்கள். ஒருவர் கைதட்டினார். டாட்டி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். தலைவர் எட்டு என்று எழுதி அடிக்கோடிட்டார்.

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: ஜெயலீலா உட்கார்ந்துவிடுகிறாள். கூட்டம் கலைகிறது. காரில் ஷ்யாமளா, "என்ன ஆச்சு?" என்கிறாள். "பாஸ் ஆயிட்டு. எட்டுக்கு ஏழு." "நீ உக்காந்துண்டுதானே இருந்தே?" ஜெயலீலா ஜன்னல் பக்கம் திரும்பி

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

இரண்டு: காரில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். ஷ்யாமளா முதலில் முறைக்கிறாள். பிறகு, "சுவிசேஷ வாசிப்பா? அடிப்பாவி, நானா இருந்தாலும் எழுந்துண்டிருப்பேனேடி! பத்து வருஷம் தினமும் நின்னோமே!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிக்கிறாள். ஒரே பள்ளி என்று நான் வைத்தது இதற்காகத்தான். இதை எழுதிவிட்டு எழுந்து காபி போட்டுக்கொண்டேன். அவ்வளவு திருப்தி. காபி ஆறுவதற்குள் திருப்தியும் ஆறிவிட்டது. ஷ்யாமளா கொடுக்க வேண்டிய மன்னிப்பை என் பேனா கொடுத்துவிட்டது. அதோடு, அவள் மன்னித்தாலும் தீர்மானம் மாவட்டத்துக்குப் போய்விடும். கண்ணை மூடுவதா வேண்டாமா என்ற கேள்வியோடு கேமி அங்கேயேதான் இருப்பாள்.

மூன்று: நான்காவது விதி. மறுபடி எடுக்கச் சொல்லும் உரிமை ஜெயித்த பக்கத்துக்கு மட்டும். எதிர்த்த ஏழு பேரும் வாயைத் திறக்க முடியாது. ஜெயித்த மற்ற ஏழு பேர் திறக்க மாட்டார்கள். அந்த உரிமையும் அந்த விருப்பமும் சேர்ந்து இருப்பது அந்தக் கூடத்தில் ஒரே ஒருத்தியிடம். தப்பாக எழுந்ததுதான் அவளுக்கு அதைத் திருத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. விதிமுறைகளில் எப்போதாவது இப்படி ஒரு கருணை ஒளிந்திருக்கும். ஆனால் அவள் பேச வேண்டும். இங்கிலீஷில், சத்தமாக, டாட்டியின் முன்னால், ஜெபத்துக்கு எதிராகப் பேசுகிறாள் என்றே எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி.

வடை வரிசையில் அந்த அம்மாள் "அதான் தப்பு" என்றார். திருத்தினேன் என்றும் சொல்லவில்லை, திருத்தவில்லை என்றும் சொல்லவில்லை.

8

ஆகவே ஜெயலீலாவை இப்படியே விடுகிறேன். மற்ற ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் இன்னும் உட்காரவில்லை. "வேறு ஏதாவது உண்டா? இல்லையென்றால் கூட்டத்தை முடிக்கலாம்" என்கிறார் தலைவர். பிறகு அவளைப் பார்க்கிறார். அவருடைய விதிப்படி, நிற்பவர் பேச அனுமதி கேட்கிறார் என்று அர்த்தம்.

"எஸ், மேடம்?"

வெளியே ஷ்யாமளாவின் காரில் விளக்கு எரிகிறது. உள்ளே டாட்டி இன்னும் அவள் கையை விடவில்லை.

அவளைப் பேச வைப்பதா, உட்கார வைப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அதே முறைதான். பேச வேண்டும் என்பவர்கள் எழுந்து நிற்கலாம், வேண்டாம் என்பவர்கள் உட்கார்ந்திருக்கலாம். நாற்காலியில் சாய்ந்தபடி இதைப் படித்தவர்கள் எழுந்திருக்கச் சோம்பல்பட்டால், ஒரு சம்பளமும் வாங்காமல் எழுந்து வந்த எட்டுப் பேரைக் குறை சொல்லாதீர்கள்.

பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களை எண்ணியாகிவிட்டது. எதற்காக நின்றீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.