வாம்பா ராசாவும் மன்றத் தலைவரும்

பேர்ன் நகரின் பூம்ப்ளிஸ் பகுதித் தமிழர் மன்றத்துக்குத் தவராஜாதான் தலைவர். மகள் மாயா பாலர் வகுப்புக்குப் போன காலத்தில் ஏறிய நாற்காலி. இன்று அவள் பேர்ன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். மனிதர் இன்னும் இறங்கவில்லை. ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் "இதுதான் கடைசி" என்பார். யாராவது கைதட்டுவார்கள். திரும்ப உட்கார்ந்துவிடுவார்.

போன மாரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், மனதை அலட்டிக்கொள்வதைக் குறைக்கச் சொன்னார். தவராஜா உப்பைக் குறைத்தார். மன்றத்தைக் குறைக்கவில்லை. ஞாயிறுதோறும் மண்டபத்தில் கத்திவிட்டு முகம் வெளிறி வருபவருக்கு மனைவி சிவகலாதான் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். வருகிற பொதுக்கூட்டத்தோடு இவரை இறக்கியே தீருவது என்று முடிவு கட்டினாள்.

வழி குசினியிலேயே கிடைத்தது. மாயா அங்கே சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை புறுபுறுக்கிறாய்?"

"விசிகோத்து ராசாக்கள், அம்மா. முந்தி ஸ்பெயினை ஆண்டவை. அப்பனுக்குப் பிறகு மகன் எண்டு சட்டமில்லை, பெரியாக்கள் கூடித்தான் ராசாவைத் தெரிவுசெய்யிறது. அதாலை சில ராசாக்கள் உயிரோடை இருக்கேக்கையே மகனை இணை ராசாவாப் பக்கத்திலை இருத்திப்போடுவினம். பிடிக்காத ராசாவை வெட்டிப்போடுறதும் உண்டு."

"வெட்டாமல் இறக்கேலாதோ?"

"வாம்பா எண்டு ஒரு ராசா. வருத்தம் வந்து மயங்கிக் கிடக்கேக்கை தலையை வழிச்சுத் துறவி உடுப்பையும் போட்டுவிட்டினம். தலை வழிச்சவர் ஆளக் கூடாது எண்டது அவையின்ரை சட்டம். எழும்பிப் பாத்தால் பதவி இல்லை. மடத்துக்குப் போய்க் கனகாலம் நல்லா இருந்தாராம்."

லீக்ஸ் அரிந்துகொண்டிருந்த சிவகலாவின் கத்தி நின்றது. கனகாலம் நல்லா இருந்தாராம்.

தவராஜாவின் பலவீனம் அவளுக்குத் தெரியாதா? மை பூசிய அந்தத் தலைமுடிதான். வேரில் வெள்ளை தெரிந்தால் கடைக்குக்கூடப் போகமாட்டார். மொட்டையோடு மேடையேறுவாரா? போதாக்குறைக்கு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவருக்கு மொட்டை போடுவதாக அவள் வைத்த நேர்த்தியும் அப்படியே கிடந்தது. கூட்டத்துக்கு முதல்நாள் குளியலறையில் முடிவெட்டும் மெஷினோடு நின்றாள்.

"கூட்டம் முடியட்டும், கலா."

"சாமியோடை தவணை கேக்கிறியளோ? இருங்கோ."

முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சிவகலாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் காதோரம் ஒரு மயிர் விடவில்லை.

மறுநாள் அவர் கூட்டத்துக்குப் புறப்பட்டபோதே அவளுக்குத் திக்கென்றது. மொட்டையைக் கண்டு மண்டபமே திரும்பிப் பார்த்தது. தவராஜா எழுந்து வாயைத் திறப்பதற்குள் செயலாளர் தயாநிதி ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார்.

"அண்ணையைப் பாருங்கோ. மன்றத்துக்காண்டித் தலைமயிரையே காணிக்கை குடுத்திருக்கிறார். இப்பிடி ஒரு துறவியை விட்டிட்டு வேறை ஆரைத் தேடுறது?"

கைதட்டலில் காது அடைத்தது. ஏகமனதாகத் தெரிவு. விசிகோத்துகள் எந்தத் தலையைப் பார்த்து வெளியே போ என்றார்களோ, அதே தலையைப் பார்த்து நம் சனம் கும்பிடுகிறது. சிவகலாவுக்கு அழுகைதான் வந்தது.

வீடு திரும்பும் டிராமில் தவராஜா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"விலகிறன் எண்டு சொல்லத்தான் எழும்பினனான், கலா. நேற்றுக் கண்ணாடியிலை பாக்க, ஆஸ்பத்திரியிலை கிடந்த மாதிரியே இருந்தது. பயந்துபோனன்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"கைதட்டிப்போட்டாங்களே."

இந்த மனிதரை என்ன செய்வது? அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாம்பாவைக் கைகழுவிவிட்டு, மாயா சொன்ன இணை ராசாக்களை நினைத்துப் பார்த்தாள். போனை எடுத்தாள்.

"தயாநிதி, நான் சிவகலா. தலைவருக்கு ஒரு இணைத் தலைவர் வேணும். ஓம், நான்தான். ஆரும் மறுத்தால் அந்த ஆளையே தலைவராய்ப் போடுங்கோ."

அந்த வேலைக்குப் பயந்தே ஒருவரும் மறுக்கமாட்டார்கள் என்றார் தயாநிதி.

"ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களை இனி நான் பாப்பன். அவர் ஆற்றங்கரையிலை நடக்கட்டும்."

"தனியவோ?" என்றார் பக்கத்தில் தவராஜா. தொப்பிக்குக் கீழே அந்த முகம் சின்னதாகிப் போயிருந்தது.

சிவகலா தன் கையை அவர் கையோடு கோத்துக்கொண்டாள்.

"தயாநிதி, இப்ப சொன்னதை வெட்டுங்கோ. ஞாயிற்றுக்கிழமையிலை இனிக் கூட்டமே இல்லை."