கண்ணாடிக் கூட்டுக்குள் நீலப் பம்ப்

பேத்திக்கு ஆஸ்துமா இருப்பது வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது தாத்தா போட்ட சட்டம். முப்பது வருஷம் தபால் அலுவலகத்தில் யாருக்கும் தலைகுனியாமல் வேலை பார்த்தவர். சீக்காளிக் குடும்பம் என்று ஊர் வாயில் விழுவதா? மூச்சு முட்டினால் இழுக்க வேண்டிய நீலப் பம்பைத் தன் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, பள்ளிப் பையின் அடியில் வைத்து அனுப்பினார்.

ஒரு திங்கட்கிழமை மைதானத்தில் பேத்தி சரிந்தாள். பேச மூச்சில்லை; பையை மட்டும் காட்டினாள். டீச்சர் பையைக் கொட்டித் தேடினார். கண்ணாடிக் கூட்டைக் கையில் எடுத்தவர், அப்படியே ஓரமாக வைத்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து ஆக்சிஜன் வைத்த பிறகுதான் போன உயிர் திரும்பியது.

மூன்று நாள் தாத்தா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். மருமகள்தான் வந்து சொன்னாள்.

"சட்டம் நீங்க போட்டது மாமா. நீங்களே கிழிங்க."

அடுத்த திங்கள், இஸ்திரி போட்ட சட்டையோடு தலைமையாசிரியை முன் உட்கார்ந்தார். கையில் இரண்டு பம்ப், டாக்டர் எழுதிய தாள்.

"குடுத்துட்டுப் போங்க ஐயா. ஆபீஸ் பீரோவுல பூட்டி வைக்கிறோம்."

"சாவி?"

"கிளார்க்கிட்ட."

"கிளார்க் சாப்பிடப் போயிருந்தா?"

"விதி அப்படிங்க. பத்திரமா இருக்கணும்ல."

"நானும் பத்திரமாத்தாம்மா வச்சேன். பம்ப் பத்திரமா இருந்துச்சு. பிள்ளைதான் இல்ல."

அவர் எழுந்திருக்கவில்லை. பத்து மணி பதினொன்றாயிற்று. கடைசியில் தலைமையாசிரியை டாக்டரின் தாளை இரண்டு முறை படித்தார்.

"சரி. ஒண்ணு அவ பையில, ஒண்ணு டீச்சர் மேஜையில. பூட்டு வேண்டாம். ஆனா அதை எப்படிக் குடுக்கணும்னு டீச்சருக்குத் தெரியாதே?"

"நான் காட்டறேன்."

வகுப்பில் டீச்சர் முன்னும் நாற்பது பிள்ளைகள் முன்னும் போய் நின்றார் தாத்தா. "என் பேத்திக்கு ஆஸ்துமா," என்றார், ஒவ்வொரு எழுத்தாக. மருந்து சிதறாமல் உள்ளே போக டாக்டர் கொடுத்திருந்த பிளாஸ்டிக் குழாயில் நீலப் பம்பைச் செருகினார்.

முன்வரிசைச் சிறுமி கேட்டாள்: "உங்களுக்கும் மூச்சு முட்டுமா தாத்தா?"

"எனக்கு வீம்பு. அதுக்கு இன்னும் பம்ப் வரல."

வகுப்பு சிரித்தது. பேத்தி சிரிக்கவில்லை, எழுந்து நின்றாள்.

"தாத்தா, குலுக்கவே இல்ல. முதல்ல குலுக்கணும்."

பம்பைக் கழற்றினார். எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, நன்றாகக் குலுக்கி, முதலிலிருந்து தொடங்கினார்.