பிசி ஆயிடுச்சு

என் வீட்டுக்காரர் ராஜசேகருக்குச் சந்தேகப்படுவதுதான் தொழில். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறைதான் கடை. கேம் விளையாடுகிறவர்களும் வீடியோ எடிட் பண்ணுகிறவர்களும் சொல்லிவைத்துச் செய்துகொள்ளும் கம்ப்யூட்டர்களை அவர் அங்கே பாகம் பாகமாக மாட்டித் தருகிறார். ஃபேன் மட்டும் போதாது என்று, சூட்டை இறக்க உள்ளே தண்ணீர் சுற்றிவரும்படி செய்கிற வகை. அந்தத் தண்ணீரைத் தள்ளுவது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பம்ப். அதன்மேல்தான் அவருக்கு அத்தனை சந்தேகம்.

டப்பாவில் போட்டிருப்பதை நம்பவே மாட்டார். குழாயை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, மக்கில் தண்ணீர் எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்று பார்ப்பார். பம்பின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் கம்ப்யூட்டரில் மாட்டி, அதற்குக் கடினமான வேலையாகக் கொடுத்து ஒரு பகல் முழுக்க ஓடவிடுவார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் லோடைக் குறைத்துக்கொள் என்றார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய?

இதெல்லாம் நடக்கிற அந்தச் சோதனை மேசை எனக்கு வேண்டும் என்று வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவள் நான். நல்ல பாகம் எது, சொத்தை எது என்று பார்த்தவள், இங்கே டீ போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டால், "நீ இரு மாது, நான் பாத்துக்கறேன்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டையில் நாத்தனார் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. ஆனால் மேசையில் கிருபாராணியின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற பெண். மறுநாள் காலையில் எடுத்துப்போக வருவதாக இருந்தாள். நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நாத்தனார் கோபத்தை ஒரு புடவையில் சமாளித்துவிடலாம், இந்தச் சந்தர்ப்பம் திரும்ப வராது. அவர் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துவிட்டு ஒருவழியாகச் சொன்னார்: "இதை மட்டும் ஒழுங்காப் பாத்துட்டீன்னா, இனிமே மேசை உனக்கு. ஏதாச்சும் ஆச்சுன்னா போன் பண்ணு. நீயா நிறுத்திடாத."

மத்தியானம் வரை எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பம்பின் சத்தம் இறங்கியது. பம்பின் மேல் தண்ணீர் நிற்கிற கண்ணாடித் தொட்டியைத் தொட்டேன், கை சுட்டது. திரையில் சூட்டின் எண் ஏறிக்கொண்டே போனது. பதறிப்போய் போன் அடித்தேன். எனக்குக் கோபம் வந்தால் தமிழ் வரும், பயம் வந்தால் கன்னடம் வரும். கர்நாடக எல்லையில் தளிப் பக்கம் பிறந்தவர்கள் பாதிப் பேர் அப்படித்தான்.

"ரீ, பிசி ஆயிடுச்சு ரீ" என்றேன்.

அந்தப் பக்கம் மேளம் காதைப் பிளந்தது. "ஆயிடுச்சா? ரொம்ப சந்தோஷம் மாது. அப்பிடியே ஓடட்டும், கை வெக்காத" என்று வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

சூடாகிவிட்டது என்றால் இந்த ஆள் சந்தோஷப்படுகிறாரே! நிறுத்தினால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று மேசை போய்விடும். நிறுத்தாவிட்டால் மெஷினே போய்விடும். எதிர்வீட்டு ஜெயப்ரியாவிடம் ஓடி ஐஸ் வாங்கிவந்தேன். பாலிதீன் கவரில் போட்டு முடிந்து, ஒயரில் சொட்டுப் படாமல் தொட்டியைச் சுற்றி வைத்தேன். உருக உருக மாற்றினேன். எண் இறங்கியது. காய்ச்சல்காரிக்கு ஈரத்துணி மாற்றிப் போடுகிற மாதிரி சாயங்காலம் வரை இதே வேலை.

கடைசி முறை ஐஸ் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தால், அவர் மேசை முன்னால் நிற்கிறார். பழைய கவரை நான் எடுத்துப்போயிருந்ததால் அங்கே எந்தத் தடயமும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் கவரைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

இத்தனை குளிர்ச்சியாக ஓடுகிற பம்பை இதுவரை பார்த்ததில்லை என்றார். இனி இந்தக் கம்பெனி பம்ப்தான் வாங்கவேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "சொன்னா சொன்னதுதான். மேசை உனக்கு" என்றார்.

ஆசைப்பட்டுக் கேட்ட வார்த்தை. பேசாமல் இருந்தால் போதும். முந்தானைக்குள் ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்தது. கிருபாராணி நாளைக்கு இதை எடுத்துப்போன பிறகு, யாரோ ஒருத்தியின் தாலி கட்டுகிற வீடியோவோடு மெஷின் நின்றுபோவதை நினைத்தேன். இன்ஸ்பெக்‌ஷனில் சொத்தையை நான் ஒருநாளும் பாஸ் பண்ணியதில்லை.

கவரை எடுத்து மேசையில் வைத்தேன். "குளிர்ச்சி பம்ப்போடது இல்லைங்க. இதோடது. அது மத்தியானமே படுத்துருச்சு. பிசி ஆயிடுச்சுன்னு சொன்னேனே, நீங்கதான் ஓடட்டும்னீங்க."

"பீசி ஆயிடுச்சு, கம்ப்யூட்டர் வேலை முடிஞ்சுதுன்னு நீ சொல்றதா நெனச்சேன்" என்றார் அவர் மெல்ல. நான் சொன்னது கன்னடப் பிசி, சூடு. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசம்தான். மேளச் சத்தத்தில் குறிலாவது நெடிலாவது.

கவரைத் தூக்கிப் பார்த்தார். என் சிவந்துபோன விரல்களைப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்; சிரிக்கவில்லை. மேசை போச்சு என்று முடிவு பண்ணிக்கொண்டேன். அவர் போனை எடுத்துக் கிருபாராணியை அழைத்தார்.

"நாளைக்குத் தர முடியாதுங்க. பம்ப் தேறல, வேற மாட்டணும்." அவள் ஏதோ சத்தம் போட்டாள். இவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சொன்னார்: "நானா இருந்தா குடுத்திருப்பேங்க. நல்லாத்தான் ஓடுதுன்னு ஏமாந்துட்டேன். எங்க டெஸ்டிங் மேடம் வேணாம்னுட்டாங்க. இனிமே அவங்க சரின்னு சொன்னாத்தான் இங்கிருந்து மெஷின் வெளிய போகும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, பம்பைக் கழற்ற உட்கார்ந்தேன். அவர் டீ போட உள்ளே போனார்.