ஆறாம் எண்ணுக்கு ஒரு பிழை

கிறிஸ்துமஸுக்காகத் தையல் ஆலையை இரண்டு வாரம் மூடியதும், எலாடியாவோடு வேலை செய்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் கிளம்பினார்கள். அவள் தங்கை மலைப்பக்கம் வரச் சொல்லி நாலு தடவை போன் போட்டாள். எலாடியா அசையவில்லை. விடுமுறை முழுக்க சான் பெட்ரோவில், தன் வீட்டு முற்றத்தில், ரேடியோவுக்குப் பக்கத்தில்தான் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"என் பொண்ணு எழுதுற ஸ்கோர கேக்காம நான் எங்கடி வர்றது?"

பெண்ணின் பெயர் யோகாஸ்தா. இருபத்தாறு வயது. இந்தப் பருவம்தான் பேஸ்பால் லீக்கில் அவளை ஸ்கோரர் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள், அதுவும் பன்னிரண்டு ஆட்டத்துக்குப் பரீட்சையாக. அந்த நாற்காலியில் இதுவரை பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. ரொட்டிக்காரன், பாதிரியார், தெருமுனையில் லாட்டரிச் சீட்டு விற்பவள் என்று ஒருவர் விடாமல் எலாடியா இதைச் சொல்லி முடித்திருந்தாள். சிலரிடம் இரண்டு தடவை.

ஸ்கோரர் என்றால் ஓட்டத்தை எண்ணுகிற வேலை மட்டும் இல்லை. அடித்தவன் ஓடி, முதல் நிறுத்தமான முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தால், அது அவன் அடியின் திறமையா, பந்தைத் தடுத்தவனின் தவறா என்று சொல்ல வேண்டும். யாராலும் தடுத்திருக்க முடியாத பந்து என்றால் அது அடி. சாதாரணமாக முயன்றால் பிடித்திருக்கக்கூடிய பந்தைக் கோட்டைவிட்டால் அது பிழை. ஆட்டக்காரனின் பெயருக்கு நேராக ஏறிவிடும். அம்பயர் சொல்வதைக் கேட்டு ஊர் கத்தும், பிறகு மறந்துவிடும். ஸ்கோரர் எழுதியது ஏட்டில் நிற்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மின்சாரம் போய்விட்டது. பேட்டரி ரேடியோ வைத்திருந்தவள் எலாடியா மட்டும்தான் என்பதால் தெருவே நாற்காலியோடு அவள் முற்றத்தில் வந்து இறங்கியது. பச்சைத் துவரை போட்ட சோறு ஒரு அண்டா நிறைய வந்தது. கொண்டுவந்தவள் எதிர்வீட்டு நெரேய்டா. அவளுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் மகன் வில்கின்தான் ஊர் அணியின் ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்பவன். ஸ்கோர் ஏட்டில் அந்த இடத்துக்கு எண் ஆறு. இரண்டு பருவமாக அவன் ஒரு பிழைகூடச் செய்யவில்லை. இன்றைய ஆட்டத்தையும் அப்படியே முடித்துவிட்டால் லீக்கின் பழைய சாதனை உடைந்துவிடும்.

"ஒரே தெரு. என் புள்ள ஆடுறான், உன் புள்ள எழுதுறா. கண்ணு படப்போகுது எலாடியா," என்றாள் நெரேய்டா.

"படட்டும்க்கா. நல்லா படட்டும்!"

ஏழாவது இன்னிங்ஸ் வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. எலாடியா மடியில் நோட்டை வைத்து, காதால் கேட்டதைத் தானும் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பந்து விடாமல் எழுதுவாள். ராத்திரி மகளோடு உட்கார்ந்து இரண்டு ஏட்டையும் ஒத்துப்பார்ப்பது இந்த விடுமுறையில் அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது.

அப்போதுதான் வர்ணனையாளர் அலறினார். "தரையோடு சீறி வருகிறது! ஷார்ட்ஸ்டாப்பை நோக்கி... குண்டு மாதிரி வருகிறது! வில்கின்... கையுறையில் பட்டுத் தெறித்தது! அடித்தவர் முதல் பேஸில்! அம்மாடி, என்ன வேகம்!"

முற்றத்தில் எல்லோரும் ரேடியோவை நோக்கிக் குனிந்தார்கள்.

"குண்டு மாதிரின்னு சொல்லிட்டாருல்ல, அப்ப அடிதான்," என்றான் சாகோ. தெருவின் முடிதிருத்துபவன், எல்லா விஷயத்திலும் தீர்ப்பு சொல்லிப் பழகிய வாய்.

"பின்ன என்ன, அடிதான்," என்றாள் எலாடியா. சொன்னதோடு நிற்காமல் பேனாவால் நோட்டிலும் அடி என்று எழுதினாள். முற்றத்தில் கூடி உட்கார்ந்து வானொலி கேட்டே வளர்ந்த அந்தத் தெருவுக்கு இந்த வர்ணனையாளரைப் பற்றித் தெரியாதா? உள்ளூர்ப் பையன் தடுமாறினால் பந்துக்கு வேகம் கூடிவிடும் அவர் வாயில். தெரிந்தும் நம்பினார்கள். நம்ப ஆசையாக இருந்தது.

"ஸ்கோரர் இன்னும் சொல்லவில்லை," என்றது ரேடியோ. "மறுபடி பார்க்கிறார்கள் போலிருக்கிறது." அடுத்த பந்து எறிந்தாயிற்று. அதற்கடுத்ததும் எறிந்தாயிற்று. நெரேய்டா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துவிட்டது." வர்ணனையாளரின் குரல் தொங்கிப்போயிருந்தது. "பிழை. ஆறாம் எண்ணுக்குப் பிழை. என்னத்தைச் சொல்ல? மேலே உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண் வேறு ஏதோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல."

மைதானத்தில் எட்டாயிரம் பேர் விசிலடித்து ஊளையிடுவது அந்தச் சின்ன ரேடியோவுக்குள் கொள்ளவில்லை.

எலாடியாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். பாவி மகளே, ஒரு அடி என்று எழுதினால் உன் பேனா தேய்ந்தா போயிருக்கும் என்று மனதுக்குள் திட்டினாள். நெரேய்டா எழுந்தாள், நாற்காலியைத் தூக்கினாள், தெருவைக் கடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாகோ ஆரம்பித்துவிட்டான். "அந்த அக்கா வீட்டுச் சோத்த தின்னு வளந்த பொண்ணு இது. நன்றி இருக்கா? நாற்காலி கெடச்சதும் தல கால் புரியல. இதுக்குத்தான் பொம்பளைய..."

எலாடியாவின் கோபம் சட்டென்று திசை மாறியது. ஆலையில் அவள் வேலையே சட்டைகளைச் சோதிப்பதுதான். கோணல் தையலைத் திருப்பி அனுப்புகிறவளோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் உட்காரமாட்டார்கள். பத்தொன்பது வருஷம் தனியாகச் சாப்பிட்டவள் அவள். ஆனால் ஒரு நாளும் எட்டாயிரம் பேர் அவளைப் பார்த்து ஊளையிட்டதில்லை. இந்தப் பெண்ணைப் பார்த்து ஊளையிடுகிறார்கள், இவள் எழுதியதை மாற்றவில்லை. எலாடியாவுக்கு நெஞ்சு விம்மிற்று. பெருமை என்றால் இதுதான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ரொட்டிக்காரனிடம் சொன்னதெல்லாம் வெறும் பீற்றல்.

"சாகோ, நிறுத்துறியா? ஊரே கத்தியும் என் பொண்ணுக்குக் கை நடுங்கல. உனக்கு ஒருத்தன் கிருதாவ எடுக்கவே நடுங்குது. போன வாரம் என் அண்ணன் காத கிழிச்சியே, அத எந்த ஏட்டுல எழுதுறது?"

சிரித்தவர்களும் அவளைப் பார்க்காமல்தான் சிரித்தார்கள். ஊர் அணி ஜெயித்தது. கைதட்ட யாருக்கும் மனம் வரவில்லை. ஆட்கள் கலைந்து தெருவில் டாமினோ மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

வெயில் தாழ்கிற நேரத்தில் போன் வந்தது.

"அம்மா. தெருவுல திட்டுறாங்களா?"

"திட்டுறாங்க."

"நெரேய்டா அத்த?"

"கதவ சாத்திக்கிட்டா."

"பந்து நேரா அவன் கைக்குத்தாம்மா வந்துச்சு. உள்ள போயி வெளிய வந்துச்சு. வீடியோவ மூணு தடவ போட்டுப் பாத்தேன். மூணு தடவையும், கடவுளே வேற மாதிரி தெரியக்கூடாதான்னு வேண்டிக்கிட்டேன். நீ... நீ என்னம்மா எழுதின?"

பிழை என்று சொல்லிவிடலாம். ஒரு நொடி வேலை. நோட்டை அடித்து எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்?

"அடின்னு எழுதினேன். தப்பு என்னுதுதான். நீ பாத்து எழுதின, நான் ஆசப்பட்டு எழுதினேன்."

யோகாஸ்தா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "பின்சந்து வழியா வந்துடறேம்மா. யாரும் பாக்க வேணாம்."

"பின்சந்தா? என்னத்த திருடிட்டு வர்ற? நடுத்தெருவுல நடந்து வா. நான் வாசல்ல நிக்கிறேன்."

எலாடியா புதுச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாள். எதிர்க்கதவு திறந்தது. நெரேய்டா வந்தாள், கண் சிவந்திருந்தது, முகவாய் மட்டும் நிமிர்ந்திருந்தது.

"வில்கின் போன்ல பேசினான்," என்றாள். "அது அவன் புடிச்சிருக்க வேண்டிய பந்துதானாம். நான் கேக்கவே இல்ல. அவனா சொன்னான்."

"அவனாவா சொன்னான்?"

"அவனாத்தான். பின்ன யாரு புள்ள அவன்?" மூக்கை உறிஞ்சினாள். "ஆனா உன் பொண்ணுகிட்ட ஒரு வாரம் நான் பேசமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

தெருமுனையில் யோகாஸ்தா வாடகை மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நட்ட நடுவே நடந்து வந்தாள். டாமினோக் காய்களின் சத்தம் நின்றது. சாகோ ஏதோ முனகினான்.

"வாய மூடு சாகோ!" என்று நெரேய்டா கத்தினாள். "ஆடுனவனே ஒத்துக்கிட்டான், உனக்கென்ன?"

யோகாஸ்தா வாசலுக்கு வந்து நின்றாள். நெரேய்டா அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு எலாடியாவிடம் சொன்னாள்.

"சாப்பிட்டாளான்னு கேளு."

எலாடியா தொண்டையைச் செருமிக்கொண்டாள். டாமினோ மேசைக்கும் அதற்கு அப்பாலும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"ஸ்கோரரம்மா, நீங்க சாப்டீங்களான்னு கேக்குறாங்க!"