எழுத்தில்லாத தாள்

என் பெட்டியில் ராணி இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். வேறு யார் மேலாவது பழியைப் போடலாம் என்றால் வீட்டில் ஆள் கம்மி.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் ரெண்டு தேனீப் பெட்டி. ஒன்று என்னுது, இன்னொன்று என் பெண்டாட்டி சரசுவோடது. நான் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். நாற்பத்திரண்டு வயசில் அறிவொளி வகுப்பில் எழுத்து கற்றேன். அன்றிலிருந்து எல்லாம் தெரிந்தவனாகிவிட்டேன்.

பெட்டியோடு கொடுத்த புத்தகத்தில், ‘ராணி அறைகளை வெட்டிவிட்டால் கூட்டம் பிரிந்து போகாது’ என்று போட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். தேனடையின் அடியில் வேர்க்கடலை மாதிரி தொங்கிய, புது ராணி வளர்கிற அறை அஞ்சையும் வெட்டிப் போட்டேன். பழைய ராணி ஏற்கெனவே பறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வெட்டு என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு நான் வந்து சேர பதினைந்து நாள் ஆனது.

பெட்டி செய்து கொடுத்த தச்சர் குலாம் ரசூல் பாய் டவுனிலிருந்து வந்து திறந்து பார்த்தார்.

“முட்டையும் இல்ல, புழுவும் இல்ல. இப்படியே வுட்டா ஒண்ணொண்ணா செத்துடும் இருசப்பா. உன் பெட்டிய தூக்கி தங்கச்சி பெட்டி மேல வை. நடுவுல ஒரே ஒரு பேப்பர், ஊசியால நாலு ஓட்டை. கடிச்சி கடிச்சி வர்றதுக்குள்ள ரெண்டு வாசனையும் ஒண்ணாயிடும். அப்புறம் சண்டை போடாதுங்க.”

“என் ராணிகிட்ட வந்து குடியிருக்கணும்னு சொல்லுங்க பாய்,” என்றாள் சரசு.

பேப்பரைக் கையில் எடுத்தால் மனசு வரவில்லை. கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நான். ஒவ்வொரு எழுத்துக்கும் நான் பட்ட பாடு என்ன, அதைப் பூச்சி கடிக்கவா? டீக்கடையில் பன் சுற்றுகிற மெழுகுத் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன். அதில் எழுத்தே இல்லை. தேனீயும் மெழுகு, தாளும் மெழுகு, சொந்தம்தானே. சண்டை வரக்கூடாது என்று ரெண்டாக மடித்தேன். ஓட்டையும் போடாமல் நடுவில் வைத்து, என் பெட்டியை மேலே ஏற்றினேன்.

மூன்றாம் நாள் காலை மேல்பெட்டியில் காது வைத்தேன். பஸ் ஸ்டாண்டு மாதிரி இரைந்த பெட்டி இப்போது முனகியது. சரசு மூடியைத் திறந்தாள். தாள் மேல் கைப்பிடி கைப்பிடியாகச் செத்துக் கிடந்தன.

“யோவ், மூச்சுமுட்ட வச்சி கொன்னுட்டியே!”

மெழுகுத் தாளை உருவி எறிந்தாள். உள்ளே ஓடி என் தலையணைக்கடியில் இருந்த பேப்பரை எடுத்து வந்தாள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குள் மாடு புகுந்த செய்தி, பாதி படித்து வைத்திருந்தேன்.

“அத நான் இன்னும் முடிக்கலடி!”

“அதுங்க முடிச்சிக்கும்.” ஊசியால் நாலு குத்து குத்தி விரித்து, பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

ரெண்டு நாள் நான் அந்தப் பக்கம் போகவே பயந்தேன். மூன்றாம் நாள் பெட்டி வாசலில் பொடிப்பொடியாகக் காகிதம் கிடந்தது. சரசு திறந்து காட்டினாள். என்னுதில் பாதிதான் மிச்சம். அந்தப் பாதி அவளுடைய ராணியைச் சுற்றி, பிறந்த வீடு மாதிரி நடமாடிக்கொண்டிருந்தது.

“மாடு வெளிய வந்துச்சாமா?” என்றாள்.

கீழே கிடந்த துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ‘மா’ வரைக்கும்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.